கேமரா சட்டை தேடி சோர் பஜாருக்கு!

ஆபீஸ் செலவில் மும்பை போகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஜுஹு பீச்சில் பேல் பூரி சாப்பிடுவார்கள். ஏதாவது நடிகர் வீட்டு கேட் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு வந்ததும் ''என்னா டிராஃபிக்குங்கறீங்க!'' என்று அலுத்துக்கொள்வார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலங்கார்த்தால ஆறு மணிக்கு எழுந்து, பல்லைக்கூட அரைகுறையாகத் தேய்த்துவிட்டு, திருட்டுச் சந்தைக்குப் போனேன். ஒரு கேமரா உறை வாங்க!

கேமரா இல்லை சார், உறை. வெறும் தோல் சட்டை.

சிரிக்காதீர்கள். இதற்குப் பின்னால் நாற்பது வருஷக் குற்றம் ஒன்று இருக்கிறது. குற்றவாளி நான்.

எங்கள் சித்தப்பா கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய பிரம்மாஸ்திரம் ஒரு ரோலைகார்டு கேமரா. 1966-ல் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஜெர்மனியில், பிரௌன்ஷ்வைக் ஊரில், ஃப்ராங்கே அண்ட் ஹைடெக்கே கம்பெனி செய்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. தலையைக் குனிந்து மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்கவேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். கல்யாண வீட்டில் சித்தப்பா, ''மாப்பிள்ளை கொஞ்சம் இந்தப் பக்கம்'' என்று கையைக் காட்டிவிட்டு, ''இல்லை இல்லை, அந்தப் பக்கம்'' என்பார். மாப்பிள்ளை அப்போதே அரண்டு போய்விடுவார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பதின்மூன்றாவதாக வந்து நிற்கிற மாமாவுக்கு வெறும் 'க்ளிக்' சத்தம் மட்டும் கிடைக்கும். அதற்கே அவர் சந்தோஷமாகப் பல்லைக் காட்டுவார்.

அந்தக் கேமராவுக்கு ஒரு பழுப்புத் தோல் உறை இருந்தது. முன் மூடியில் கம்பெனி பெயர் புடைப்பு எழுத்தில் அழுத்தியிருக்கும். உள்ளே மெத்தென்று துணி. திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... தோல், பாலீஷ், வெற்றிலை மூன்றும் கலந்து. (வெற்றிலை ஜெர்மன்காரன் வைத்ததல்ல. சித்தப்பாவுடையது.)

1979 கோடை லீவு. எனக்கு ஒன்பது வயசு. உண்டிவில் செய்ய கவட்டைக் கொம்பு கிடைத்துவிட்டது, சைக்கிள் ட்யூப் கிடைத்துவிட்டது. கல் வைக்க ஒரு தோல் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அப்புறம் என்ன? சித்தப்பா மத்தியானம் தூங்கும்போது அரை ப்ளேடால் உறையின் முன் மூடியை அறுத்துவிட்டேன். வாரையும் விடவில்லை.

அடி விழும் என்று இரண்டு நாள் கொல்லைப்புறத்திலேயே குடியிருந்தேன். விழவில்லை. திட்டுகூட இல்லை. சித்தப்பா உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரண் மேல் போட்டார். அவ்வளவுதான். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

அதனால்தான் 2019 பிப்ரவரியில், ''மும்பை போய் மூணு நாள் கணக்கு பார்த்துட்டு வாங்க'' என்று மேனேஜர் சொன்னதும், ஆபீஸில் எல்லோரும் ஆச்சரியப்படும் அளவுக்கு உற்சாகமாகத் தலையாட்டினேன்.

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் மட்டன் ஸ்ட்ரீட். பெயரைப் பார்த்து பிரியாணி நினைப்பில் போகாதீர்கள், இதுதான் சோர் பஜார். பெயர்க் காரணம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 'ஷோர்' என்றால் இரைச்சல், இரைச்சல் பஜார் என்பதுதான் வெள்ளைக்காரன் வாயில் 'சோர்' ஆகிவிட்டது என்பது ஒரு கட்சி. விக்டோரியா ராணியின் வயலின் கப்பலில் வந்து இறங்கியதும் காணாமல் போய், இங்கே ஒரு கடையில் தொங்கியது என்பது இன்னொரு கட்சி. ராணியம்மா மும்பைக்கு வந்ததே கிடையாது. வயலின் மட்டும் தனியாக டிக்கெட் எடுத்து வந்திருக்கவேண்டும்!

நான் போனது வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பெரிய பழம்பொருள் கடைகளுக்கு விடுமுறை. ஆனால் விடியற்காலையிலேயே தெருவில் 'ஜும்மா பஜார்' கூடிவிடும். கோணிப்பை விரித்து, உலகத்தில் யாருக்கெல்லாம் எதெல்லாம் வேண்டாமோ அதெல்லாம் அங்கே கொட்டியிருக்கும். மிக்ஸி மூடி, டி.வி. ரிமோட், மணி நின்றுபோன கடிகாரம், பொம்மையின் ஒற்றைக் கை. ஒரு கோணியில் இடது கால் ஷூ மட்டும் ஏழு. ''வலது கால்?'' என்று கேட்டேன். ''அடுத்த வாரம் வரும்'' என்றான் பையன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பக்கத்திலேயே பிண்டி பஜார் பக்கம் தலையைத் தூக்கினால், பதினாறரை ஏக்கர் பழைய கட்டடங்களை இடித்து அடுக்குமாடிகளாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே கிரேன், கீழே கோணிப்பை. பழைய வீடுகள் காலியாகும்போது பரண்கள் காலியாகும். பரண்கள் காலியானால் சோர் பஜார் நிரம்பும். ஒரு கோணியில் ஒரு குடும்பத்தின் மொத்த போட்டோ ஆல்பமும் கிடந்தது. யாரோ ஒரு அம்மா தொட்டில் பக்கத்தில் நிற்கிறாள். ஆல்பத்தில் கிலோக் கணக்கில் விலை கேட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

கேமரா சமாசாரங்கள் இருந்த கோணியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடேயப்பா! விசிறி மாதிரி மடக்கி விரிக்கிற வெள்ளி நிற ஃப்ளாஷ் தட்டு. அதற்குப் போடும் பல்புகள் அட்டைப்பெட்டியோடு, ஒன்றுகூடச் சுடாமல். எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் வருவதற்கு முன் கல்யாணங்களில் இதுதான் ராஜா. ஒரு பல்பு, ஒரு படம். சுட்டதும் உள்ளே இருக்கும் உலோக இழை எரிந்து, கண்ணாடி கொப்பளித்துவிடும். சித்தப்பா பின்னாலேயே சுற்றி, சூடு ஆறாத பல்புகளைப் பொறுக்க நாங்கள் அடித்துக்கொள்வோம். பேன்ட் பாக்கெட்டில் போட்டுத் தொடையைச் சுட்டுக்கொண்ட தழும்பு இருக்கிறது, காட்டட்டுமா? வேண்டாம், குடும்பப் பத்திரிகை.

அதே கோணியில் ஒரு வெஸ்டன் மாஸ்டர் லைட் மீட்டர். வெளிச்சம் அளக்கும் கருவி. இதற்கு பேட்டரியே வேண்டாம். உள்ளே செலினியத் தகடு. வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி முள்ளை நகர்த்தும். ஆனால் அந்தத் தகட்டுக்கும் வயசாகும். பழைய மீட்டர் பல இன்று வெறும் காகிதம் அமுக்கிதான். கையால் மூடினேன், முள் படுத்தது. கையை எடுத்தேன், துள்ளி எழுந்தது! முந்நூறு ரூபாய் கேட்டான். நான் கஞ்சத்தனமாக நூற்றைம்பதுக்கு நின்று, 'திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்' என்று நகர்ந்தேன். திரும்பி வரும்போது அங்கே மீட்டரும் இல்லை, கோணியும் இல்லை, ஆளும் இல்லை. இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்த முள் துள்ளுவதுதான் நினைவுக்கு வருகிறது. பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் 'அப்புறம்' என்ற வார்த்தையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும்.

அன்று நான் வாங்கியது ஐம்பது ரூபாய்க்கு ஒரு மஞ்சள் ஃபில்டர். கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் வெறும் வெள்ளைத் தாளாக விழாமல், மேகம் எடுப்பாகத் தெரிய இதைத்தான் மாட்டுவார்கள். பத்து மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து, அதன் வழியாக மேலதிகாரியைப் பார்த்தேன். கொஞ்சம் எடுப்பாகத்தான் இருந்தார்.

*

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் மறுபடி மட்டன் ஸ்ட்ரீட். இன்றைக்குக் கடைகள் திறந்திருந்தன. கிராமபோன் குழல், கப்பல் விளக்கு, பழைய ஹிந்திப் பட போஸ்டர் எல்லாம் தாண்டி, சுவர் முழுக்க கேமராவாகத் தொங்கிய ஒரு கடை. கடைக்காரருக்கு மருதாணி போட்ட தாடி. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். டீ வந்தது.

எடுத்ததுமே தங்க நிறத்தில் ஒரு 'லைகா'வைக் காட்டினார். இது ஒரு பழைய வித்தை. சோவியத் யூனியனில் லட்சக்கணக்கில் தயாரான ஃபெட், ஸோர்க்கி கேமராக்களை வாங்கி, பெயரைச் சுரண்டி, லைகா என்று பொறித்து, முலாம் பூசி விற்பார்கள். சில பேர் ஜெர்மன் ராணுவ முத்திரைகூட அடித்துவிடுவார்கள். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ''சரி, ஆள் கொஞ்சம் தெரிஞ்சவர்தான்'' என்ற மரியாதையில் உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது.

டின்னில் இருந்ததெல்லாம் உதிரிகள். லென்ஸ் மூடி, வெயில் மறைப்பு, சிறு சிறு வ்யூஃபைண்டர்கள். இதில்தான் சேகரிப்பவர்கள் பைத்தியமாவது. லைகாக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு உதிரிக்கும் ஐந்து எழுத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். தந்தி கொடுத்து ஆர்டர் பண்ணும்போது வார்த்தைக்கு வார்த்தை காசு ஆயிற்றே! ஃபைசன் என்றால் ஒரு வெயில் மறைப்பு. விடோம் என்றால் ஒரு வ்யூஃபைண்டர். கிட்டத்தில் படம் எடுக்கும் கருவிக்கு நூக்கி. சாவி கொடுத்தால் தானே ஃபிலிமை ஓட்டும் ஸ்பிரிங் மோட்டாருக்கு மூலி. 'நூக்கியும் மூலியும் வேணும்' என்று யாராவது நம்மூரில் தந்தி கொடுத்திருந்தால், நூக்கலும் முள்ளங்கியும்தான் பார்சலில் வந்திருக்கும். (ஹிந்தியில் மூலி என்றால் முள்ளங்கி!)

கேமராவைவிட இவற்றுக்கு மவுசு வருவதற்குக் காரணம் எளிது. கேமராவை யாரும் தூக்கி எறிவதில்லை. மூடியைக் கோவில் வாசலில் தொலைப்பார்கள், வெயில் மறைப்பை ரயிலில் விடுவார்கள், உறையை என்னைப்போல ஒரு பயல் அறுத்துவிடுவான். அதனால் கேமரா நூறு மிஞ்சினால் நல்ல உறை பத்துகூடத் தேறாது. ரோலை கேமராவின் தோள் வார் நுனியில் கத்தரிபோலக் கவ்வும் ஒரு உலோகக் கொக்கி உண்டு. தோல் காய்ந்து அறுந்து, அந்த வார் நல்ல நிலையில் கிடைப்பதே அபூர்வம். வாருக்காகவே கேமராவை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

''ரோலைகார்டு உறை இருக்கா?'' என்று எனக்குத் தெரிந்த பன்னிரண்டு ஹிந்தி வார்த்தைகளில் கேட்டேன். ஸ்டூல் மேல் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு மூட்டையை அவிழ்த்தார். உறைகள்! ஸெனிட் கேமராவின் தடித்த ரஷ்ய உறை, மாட்டுவண்டி ஏறினாலும் ஒன்றும் ஆகாது. ஆக்ஃபா க்ளிக் த்ரீயின் உறை, நம் அப்பாக்கள் தோளில் எல்லாம் தொங்கியதே, அது. இவற்றுக்கு 'எவர்ரெடி கேஸ்' என்று பெயர். கேமராவை எடுக்காமல் முன் மூடியை மட்டும் திறந்து படம் எடுக்கலாம் என்பதால். ஆனால் பொத்தானைக் கழற்றி, மூடியை இறக்கி, அது லென்ஸுக்கு முன்னால் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்குள் தாலியே கட்டி முடித்துவிடுவார்கள். போட்டோகிராஃபர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'நெவர்ரெடி கேஸ்'.

கடைசியில் வந்தது. பழுப்பு நிறம். முன் மூடி. புடைப்பு எழுத்து. முகர்ந்து பார்த்தேன். தோல் வாசனை, பழைய பாலீஷ். வெற்றிலை மட்டும் இல்லை. வார் அறுந்திருந்தது, மற்றபடி சித்தப்பா உறையின் இரட்டைப் பிள்ளை. நெஞ்சு அடித்துக்கொள்வது கடைக்காரருக்குக் கேட்டிருக்கும்.

''கித்னா?''

''டேட் ஹஜார்.''

இங்கேதான் தமிழனுக்கு விதி விளையாடும். ஏக், தோ, தீன் எல்லாம் படித்துவிடலாம். இந்த டேட், டாயி இரண்டும் இருக்கிறதே, அரையைச் சேர்த்துக்கொண்டு வந்து கழுத்தை அறுக்கும். ஒன்று ஒன்றரை, மற்றொன்று இரண்டரை. எது எது? அந்த நிமிஷம் என் மூளை 'இரண்டரை ஆயிரம்' என்று தீர்ப்பு சொன்னது. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன். சோர் பஜாரில் பாதிக்குமேல் கொடுக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஐந்நூறு மட்டும் குறைத்தேன்.

''தோ ஹஜார்! அதுக்கு மேலே ஒரு பைசா கிடையாது!'' என்று ஸ்டூலில் ஓங்கித் தட்டினேன்.

கடையில் அமைதி. டீ கொண்டுவந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, நிதானமாக 1500 என்று எழுதிக் காட்டினார்.

நான் நீட்டிய நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டில் ஒன்றைத் திருப்பி என் சட்டைப் பையில் அவரே வைத்தார். திருட்டுச் சந்தையில்! அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பேரம் பேசுவது? ஆயிரத்து ஐந்நூறும் முழுசாகக் கொடுத்துவிட்டு, டீக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

*

வாரைத் தைக்க ஞாயிற்றுக்கிழமை தாராவி போனேன். தாராவி என்றால் சினிமாவில் காட்டும் தாராவி மட்டுமல்ல. அங்கே தோல் தொழில் வேர் பிடித்ததில் நம் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் தோல் பதனிடும் தொழில் போட்டார்கள். அந்தப் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கும் பட்டறைகளும் கடைகளும் இருக்கின்றன. ஒரு சந்தில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கவேண்டிய சந்தில், அண்ணாச்சி ஒருவர் பட்டறை. ஊர் பேட்டை பக்கம். மும்பை வந்து நாற்பத்தைந்து வருஷம். பேச்சில் தாமிரபரணி அப்படியே இருக்கிறது.

உறையை வாங்கி, முதலில் உள்ளே மூக்கை விட்டார். பிறகு நகத்தால் விளிம்பைச் சுரண்டினார்.

''நல்ல தோலு தம்பி. மரப்பட்டை போட்டுப் பதம் பண்ணினது. தப்பிச்சிட்டு. சிலது சேப்பா மாவு மாவா உதிரும். அது வந்துட்டுன்னா ஒண்ணும் செய்ய முடியாது, கும்பிட்டு விட்டுற வேண்டியதுதான். இந்தப் பச்சை பாத்தீங்களா?''

பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி இருந்தது.

''தோல்ல இருக்க எண்ணெயும் பித்தளையும் சேந்தா இப்படி வரும். மரக்குச்சியால சுரண்டி எடுக்கணும். ஒங்க ஆளுக வாங்கின உடனே பளபளப்பா இருக்கட்டும்னு எண்ணெயைக் கொண்டாந்து ஊத்துவாக. பத்து நாள்ல தையல் நூலெல்லாம் இத்துப் போவும். மேல லேசாத் தொடைச்சா போதும், கேட்டேளா?''

புது வார் அறுத்து, பழைய தையல் துளைகளிலேயே ஊசி விட்டுக் கையால் தைத்தார். ஒரு மணி நேரம். மெஷினில் தைத்தால் புதுத் துளை விழுந்து பழைய தோல் கிழியுமாம். கூலி இருநூறு ரூபாய். ஊர்க்காரன் என்று ஐம்பதைத் திருப்பித் தந்தார். அந்த வாரம் முழுக்க எனக்கு யாராவது பணத்தைத் திருப்பித் தந்துகொண்டே இருந்தார்கள்.

கிளம்பும்போது கேட்டார்: ''உள்ள கேமரா வைக்கப் போறீகளோ?''

''ஆமாம் அண்ணாச்சி, அதுக்குத்தானே...''

''வைக்காதீங்க. ஈரத்தை இழுத்து உள்ளயே வச்சிக்கிடும் தோலு. கண்ணாடியில பூஞ்சை பிடிச்சிரும். உறையைத் தனியா வையிங்க, கேமராவைத் தனியா வையிங்க. ஒங்களுக்கு உறை செஞ்சி கொடுக்குற நானே சொல்லுதேன்.''

எனக்கு சப்பென்று ஆகிவிட்டது. கேமராவைக் காப்பாற்ற வந்த உறைதான் கேமராவுக்கு எமனா? ஊர் வந்ததும் விசாரித்தால், அண்ணாச்சி சொன்னது அட்சர சுத்தம். காற்றில் ஈரம் அறுபது சதவிகிதத்தைத் தாண்டினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வழி பிறந்துவிடும். தோல் உறையும் உள்துணியும் அதற்குச் சொகுசு பங்களா. பூஞ்சை வேர்விட்டால் சிலந்திவலை மாதிரி படர்ந்து, விட்டுவைத்தால் கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் வடு போகாது.

*

சித்தப்பாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயசு. ஸ்டூடியோ மூடி வெகுநாள் ஆயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்சலைக் கையில் கொடுத்தேன். பார்வை கொஞ்சம் மங்கல் என்பதால் விரலால் தடவினார். புடைப்பு எழுத்து மேல் விரல் நின்றது.

''டேய்... ரோலை உறை!''

நாற்பது வருஷமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனத்தை ஆரம்பித்தேன். ''சித்தப்பா, சின்ன வயசுல நான் ஒரு தப்பு...''

''உண்டிவில்லா?''

''உங்களுக்குத் தெரியுமா?''

''ஏண்டா, நீ இழுத்து அடிக்கற தோல் துண்டுல ஆறு எழுத்து கம்பெனி பேரு கொட்டை கொட்டையா இருந்ததே! கும்மோணத்துல வேற யார்கிட்டடா இருந்தது ஜெர்மன் உண்டிவில்லு? மூணு நாள் எனக்குத் தூக்கம் வரலை, அது வேற விஷயம். அடிக்கலாம்னுதான் தேடிக்கிட்டு வந்தேன். கொல்லையில மாமரத்தைக் குறி வெச்சு நின்னுக்கிட்டிருந்தே. எட்டுக் கல்லு அடிச்சே. எட்டும் வேலி தாண்டிப் போச்சு. ஒரு மாங்காய் மேலயாவது பட்டுதா? ஜெர்மன் தோலை வெச்சுக்கிட்டே இந்த லட்சணமான்னு திரும்பி வந்துட்டேன்.''

சித்தி உள்ளேயிருந்து கேமராவை எடுத்துவந்தாள். உறை போனபிறகு சித்தப்பா அதை அலமாரியில் சும்மாதான் வைத்திருந்தாராம், பக்கத்தில் ஒரு பதினைந்து வாட் பல்பை எரியவிட்டு. ஜன்னல் பக்கம் தூக்கி, கீழ் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். காவிரிக்கரை ஈரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த கண்ணாடி. ஒரு புள்ளி இல்லை, ஒரு நூல் இல்லை. அவர் சிநேகிதர் ஒருவரும் அதே மாதிரி கேமரா வைத்திருந்தார். கண்ணும் கருத்துமாக உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டி, கடைசியில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை படர்ந்து காயலான் கடைக்குப் போனதாம்.

''அப்போ நான் அறுத்ததுதான் நல்லதுங்கறீங்க?'' என்றேன், கொஞ்சம் தெம்பாக.

''உதைப்பேன்'' என்றார் சித்தப்பா.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். கேமரா அலமாரியில் பல்பு வெளிச்சத்தில் இருந்தது. உறை சித்தப்பா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. முன் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து கும்பகோணம் கொழுந்து வெற்றிலை இரண்டு எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு டப்பாவைத் துழாவினார்.

''நல்ல பொட்டிடா. வாடாம இருக்கு'' என்றார்.